டிக்கெட் வாங்கிக் கொடுப்பது யார்?

பள்ளிக்கூடத்தில் உல்லாசப் பயணம் என்று அறிவித்துவிட்டால் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. விடியற்காலையில் பஸ்; மடியில் புளியோதரைப் பொட்டலம்; வழி நெடுகப் பாட்டும் கூச்சலும். போகும் இடங்கள் எவை? மாமல்லபுரம், வண்டலூர் மிருகக்காட்சிசாலை, தஞ்சைப் பெரிய கோயில், இல்லாவிட்டால் ஏதாவது ஓர் அணைக்கட்டு. இவற்றில் எதையும் நாம் குறை சொல்லப் போவதில்லை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால், இந்தப் பட்டியலில் ஒரு நாடகக் கொட்டகை உண்டா? ஒரு சங்கீதக் கச்சேரி உண்டா? விஷயம் தெரிந்தவர் ஒருவர் மேடை ஏறிப் பேசும் மண்டபம் உண்டா? பெரும்பாலும் இருப்பதில்லை.

“கச்சேரிக்கும் நாடகத்துக்கும் அழைத்துப் போவது பள்ளிக்கூடத்தின் வேலையா? அப்பா அம்மா அழைத்துப் போகலாமே!” என்று சிலர் கேட்கலாம். போகலாம்தான். வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் போவார்கள். பழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அப்பாவுக்கு விடுமுறை கிடையாது. அம்மாவுக்கு அந்த மண்டபம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே தெரியாது. டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. அத்தகைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் கதவு. அந்தக் கதவும் திறக்காவிட்டால் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே அது வளர்ந்துவிடும்.

ஒரு டிக்கெட் கையில் கிடைத்ததால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார்.

கொல்லன் மகன் கேட்ட பிரசங்கம்

லண்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகன். 1791-ல் பிறந்தவன். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகுவதற்காக விட்டிருந்தார்கள். பைண்டு செய்ய வந்த புத்தகங்களை அவன் படித்தும் பார்த்தான். விஞ்ஞானத்தில் ஆசை பிறந்தது. அந்த நாளில் லண்டனில் ஒருவர் தம் வீட்டிலேயே விஞ்ஞானப் பிரசங்கங்கள் நடத்தி வந்தார். ஒரு பிரசங்கத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். பையனிடம் ஷில்லிங் ஏது? இரும்படிக்கும் அண்ணன்தான் கொடுத்தான்.

1812-ல் அதைவிடப் பெரிய வாய்ப்பு வந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞானக் கழகத்தில் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய ரசாயன அறிஞர் பேசிக் கொண்டிருந்தார். சீமான்களும் சீமாட்டிகளும் போய்க் கேட்கும் இடம் அது. பைண்டுக் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர், வில்லியம் டான்ஸ் என்பவர், பையனின் ஆர்வத்தைப் பார்த்து நான்கு பிரசங்கங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். பையன் போனான். கேட்டதையெல்லாம் குறித்துக் கொண்டான். படம் போட்டு, தெளிவாக எழுதி, தன் கைத்தொழிலைக் கொண்டே அதை அழகாக பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வைத்தான். அடுத்த ஆண்டு, 1813-ல், டேவியின் உதவியாளனாக வேலை கிடைத்தது.

அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே. மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் அடிப்படை கண்டுபிடித்தவர். இன்று நம் வீட்டில் மின்விசிறி சுழல்வதிலும் அவருக்குப் பங்கு உண்டு. டிக்கெட் கொடுத்த டான்ஸ் யார் தெரியுமா? விஞ்ஞானி அல்ல. சங்கீத வித்துவான்! 1813-ல் லண்டனில் தோன்றிய பில்ஹார்மானிக் சங்கீத சபையை ஸ்தாபித்தவர்களுள் ஒருவர்.

தாம் பெற்றதை ஃபாரடே மறக்கவில்லை. 1825-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்கென்று கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் தொடங்கின. 1827 முதல் 1860 வரை 19 தடவை அந்தப் பிரசங்க வரிசையை ஃபாரடேயே நடத்தினார். அவற்றில் மிகவும் புகழ் பெற்றது மெழுகுவர்த்தியைப் பற்றியது. மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். அதை ஊதி அணைப்பார். திரியிலிருந்து புகை எழும். அந்தப் புகையின்மேல் ஒரு சுடரைக் காட்டுவார். நெருப்பு புகை வழியே ஓடி வந்து திரியில் மறுபடி பற்றிக் கொள்ளும்! பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். “எரிவது திரியா, மெழுகா, மெழுகின் ஆவியா?” என்று விஷயம் அங்கிருந்து தொடங்கும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பாரா. கண்ணெதிரே பார்த்தால் ஆயுள் முழுதும் மறக்காது.

இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, அந்தக் கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் இன்றுவரை நடந்து வருகின்றன. இப்போது டெலிவிஷனிலும் வருகின்றன.

வியாபாரி வைத்த கச்சேரி

விஞ்ஞானத்துக்குக் கிடைத்தது சங்கீதத்துக்கும் கிடைக்க வேண்டாமா? ராபர்ட் மேயர் என்பவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய உலோக வியாபாரி. அவர் மனைவி டாரதி ஒரு பாடகி. 1919-ல் நியூயார்க் போயிருந்தபோது, வால்டர் டாம்ராஷ் என்ற வாத்திய கோஷ்டித் தலைவர் குழந்தைகளுக்கென்றே நடத்திய கச்சேரியை மேயர் பார்த்தார். நம் ஊரிலும் இது நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. 1923-ல் லண்டனில் குழந்தைகள் கச்சேரியைத் தொடங்கினார். முதலில் நடத்திக் கொடுத்தவர் ஏட்ரியன் போல்ட். பிறகு மால்கம் சார்ஜன்ட். இருவரும் பின்னாளில் பிரிட்டனின் மிகப் பெரிய சங்கீதப் புள்ளிகள் ஆனார்கள். அதாவது, “குழந்தைகள்தானே, இரண்டாந்தர வித்துவான் போதும்” என்று மேயர் நினைக்கவில்லை. சனிக்கிழமைக் காலைகளில் நடந்த அந்தக் கச்சேரிகளைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. மேயர் 105 வயது வரை இருந்து 1985-ல் காலமானார்.

மாஸ்கோவில் நடந்த கதை இன்னும் உருக்கமானது. நதாலியா சாட்ஸ் என்ற பெண்மணி, 1918-ல் தம் 15-வது வயதிலேயே குழந்தைகள் நாடகப் பொறுப்பை ஏற்றவர். வாத்தியங்களைப் பிள்ளைகள் காதாலேயே இனம் கண்டுகொள்ள வேண்டும் என்று விரும்பி, செர்கே புரோகோபீவ் என்ற சங்கீத மேதையிடம் ஒரு கதைச் சங்கீதம் கேட்டார். 1936-ல் அவர் எழுதிக் கொடுத்ததுதான் ‘பீட்டரும் ஓநாயும்’. அதில் குருவி வந்தால் புல்லாங்குழல், வாத்து வந்தால் ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், பீட்டர் என்ற பையனுக்குத் தந்தி வாத்தியங்கள். கதை முடியும்போது வாத்தியங்களெல்லாம் குழந்தைக்குச் சிநேகிதர்களாகி விடுகின்றன. உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாசிக்கப்படும் சங்கீதம் இது.

அதை எழுதச் சொன்ன அம்மையாரோ மறு ஆண்டே, 1937-ல், ஸ்டாலின் ஆட்சியில் கைது செய்யப்பட்டுச் சிறை முகாமுக்குப் போனார். கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மீண்டு வந்த பிறகும் சாட்ஸ் தம் வேலையை விடவில்லை. 1965-ல் மாஸ்கோவில் குழந்தைகளுக்கென்றே ஒரு சங்கீத நாடக அரங்கத்தைத் திறந்து வைத்தார். இன்றும் அது அவர் பெயரில் இயங்குகிறது.

“அதனால் என்ன பிரயோஜனம்?”

இதெல்லாம் சரி. ஒரு தலைமையாசிரியர் கேட்பார்: “ஒரு நாள் பாடம் போகிறதே! பரீட்சை நெருங்குகிறதே! நாடகம் பார்த்து வந்தால் பிள்ளைக்கு என்ன லாபம்?” நியாயமான கேள்வி. ஃபாரடேயைக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆயிரம் பேர் போனால் ஒருவர்தானே ஃபாரடே ஆகிறார்? மற்ற 999 பேருக்கு என்ன கிடைத்தது?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம் என்று அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜே கிரீனும் அவருடைய கூட்டாளிகளும் புறப்பட்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நாடகத்துக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் சும்மா ஒப்பிட்டால் பயன் இல்லை. வசதியும் வாசிப்பும் உள்ள பிள்ளைகளே அதிகம் போவார்கள். வித்தியாசம் நாடகத்தால் வந்ததா, வீட்டால் வந்ததா என்று தெரியாது. ஆகவே அவர்கள் சீட்டுக் குலுக்கினார்கள்!

அந்த மாநிலத்தில் தியேட்டர்ஸ்கொயர்டு என்ற நாடகக் குழு இரண்டு நாடகங்களைப் போட்டது. ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’. மற்றொன்று டிக்கன்ஸ் கதையான ‘கிறிஸ்துமஸ் கீதம்’. 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பள்ளிக் குழுக்கள் இலவச டிக்கெட் கேட்டு விண்ணப்பம் போட்டன. சீட்டு விழுந்த குழுக்கள் போயின. விழாத குழுக்கள் போகவில்லை. இரண்டு பக்கமும் ஆசைப்பட்டவர்களே; அதிர்ஷ்டம் ஒன்றுதான் வித்தியாசம். பல வாரங்கள் கழித்து, மொத்தம் 670 மாணவ மாணவிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்தார்கள். முடிவு 2014-ல் வெளியாயிற்று.

‘ஹாம்லெட்’டில் ரோஸன்கிரான்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்று இரண்டு சில்லறைப் பாத்திரங்கள் உண்டு. அவர்கள் யார் என்று கேட்டதற்கு, நாடகம் பார்த்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் சரியாகச் சொன்னார்கள். பார்க்காதவர்களில் 45 பேர்தான். நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். ஆனாலும் இந்த வித்தியாசம் நின்றது.

கதை நினைவில் நிற்பது ஆச்சரியம் இல்லை. அடுத்ததுதான் ஆச்சரியம். மனிதர்களின் கண்களை மட்டும் காட்டும் புகைப்படங்களைக் கொடுத்து, “இவர் மனத்தில் ஓடுவது கோபமா, பயமா, துக்கமா?” என்று ஊகிக்கச் சொன்னார்கள். நாடகம் பார்த்த பிள்ளைகள் அதிலும் முன்னே நின்றார்கள். தம்மோடு ஒத்துப் போகாதவர்களைச் சகித்துக் கொள்ளும் மனப்பான்மையிலும் அப்படியே. பிரம்மாண்டமான வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே ஒரு நாடகம், ஒரே ஒரு நாள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

“அதே கதையை வகுப்பிலேயே சினிமாவாகப் போட்டுக் காட்டினால் போதாதா? பஸ் செலவு மிச்சமாகுமே!” அதையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. சில குழுக்களை நாடகத்துக்கும், சில குழுக்களை அதே கதையின் சினிமாவுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: நாடகம் தந்த பலனை சினிமா தரவில்லை. காரணத்தை நாமும் ஊகிக்கலாம். திரையில் அழுகிறவர் நம்மை அறியார். மேடையில் அழுகிறவர் பத்து கஜ தூரத்தில் மூச்சு விடுகிறார். நாம் இருமினால் அவருக்குக் கேட்கும். நாம் மௌனமானால் அதுவும் அவருக்குத் தெரியும்.

பரீட்சை பயத்துக்கும் பதில் வந்திருக்கிறது. அட்லாண்டா நகரில் 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளை இதே போலச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஒரே ஆண்டில் சித்திரசாலைக்கும் நாடகத்துக்கும் வாத்தியக் கச்சேரிக்கும் அழைத்துச் சென்றார்கள். மூன்று முறை வகுப்பு போயிற்று. மார்க் குறைந்ததா? குறையவில்லை. போகாத பிள்ளைகளைவிடக் கூடியிருந்தது!

பஸ் வாடகை என்ற பூதம்

ஆனாலும் பள்ளிகள் தயங்குகின்றன. தயக்கத்துக்குக் காரணம் கலையில் வெறுப்பு அல்ல, கணக்கில் இடிக்கிறது. டிக்கெட் இலவசமாகவே கிடைத்தாலும் பஸ் வாடகை? மத்தியானச் சாப்பாடு? கூடப் போகும் ஆசிரியரின் மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது?

இந்த முடிச்சை அதே ஆர்கன்சாஸில் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற சித்திரசாலை அவிழ்த்துக் காட்டியது. 2011-ல் திறந்தபோதே, வரும் பள்ளிகளின் பஸ் செலவு, சாப்பாடு, மாற்று ஆசிரியர் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு நன்கொடை நிதியிலிருந்து தானே ஏற்றுக் கொண்டது. உடனே 525 பள்ளிக் குழுக்கள் விண்ணப்பம் போட்டன! இங்கும் சீட்டுக் குலுக்கி ஏறக்குறைய 11,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கிராமத்துப் பள்ளிகளிலிருந்தும் ஏழைகள் மிகுந்த பள்ளிகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் மற்றவர்களுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்று தெரிய வந்தது. யாருக்கு வழக்கமாக இது கிடைப்பதில்லையோ, அவர்களுக்கே இது அதிகம் பயன்படுகிறது. பசித்தவனுக்குப் போட்ட சோறு அல்லவா?

பஸ் போக முடியாத இடத்துக்குக் கலையே வரலாம் என்பது நம் தேசம் கண்ட வழி. கிரண் சேத் என்ற பொறியியல் பேராசிரியர் அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்தபோது தாகர் குடும்பத்து வித்துவான்களின் துருபத் கச்சேரியைக் கேட்டார். அது அவரை ஆட்டி வைத்துவிட்டது. தாயகம் திரும்பி, டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்துகொண்டே, 1977-ல் ஸ்பிக் மெக்கே என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய வித்துவான்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரே வந்து, ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, பாடியும் ஆடியும் விளக்கியும் காட்டுகிறார்கள். மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. இதிலும் பாருங்கள், தொடக்கம் ஒரே ஒரு கச்சேரிதான்!

போகும் முன்னும் வந்த பின்னும்

பஸ் ஏற்றி இறக்கிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, போகுமுன் கதையைச் சொல்லிவிட வேண்டும். “சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா?” என்றால், போகாது. கர்ணன் சாவான் என்று தெரிந்தேதான் நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். கதை தெரிந்த பிள்ளைக்கு நடிப்பைக் கவனிக்க நிதானம் கிடைக்கும். கச்சேரியானால் மிருதங்கம் எது, கடம் எது, எப்போது தாளம் போடலாம், எப்போது கை தட்டலாம் என்பதைச் சொல்லித் தரலாம்.

இரண்டாவது, அளவான கூட்டம். முந்நூறு பிள்ளைகளைக் கொண்டு போய்க் கடைசி வரிசைகளில் உட்கார வைப்பதைவிட, நாற்பது பேரை முன் வரிசையில் உட்கார வைப்பது மேல். மற்றவர்களுக்கு அடுத்த முறை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பரிசு போல அழைத்துப் போகும் வழக்கமும் கூடாது. பின் பெஞ்சில் உட்காருகிறவனுக்குத்தான் இது அதிகம் தேவை.

மூன்றாவது, பேச்சுக் கூட்டமானால் பிள்ளைகள் கேள்வி கேட்க நேரம் இருக்க வேண்டும். நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, வாழ்த்துரை, நன்றியுரை, பொன்னாடை என்று மீதி நேரத்தைக் கரைத்துவிட்டால், பிள்ளைகள் கற்பது கொட்டாவி விடுவது ஒன்றைத்தான். கேள்விகளை வகுப்பிலேயே யோசித்து எழுதி எடுத்துப் போகச் செய்யலாம்.

நான்காவது, திரும்பி வந்ததும் “கண்டு களித்த நாடகம் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதுக” என்று தண்டனை விதிக்காமல் இருப்பது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி போடலாம்: “அந்தக் கதையில் தப்பு யார் மேல்?” வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதைப் பாருங்கள்! அதுவே பாடம்.

எல்லாவற்றுக்கும் தூர தேசம் போக வேண்டியதில்லை. சென்னையில் மார்கழி சீசனில் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனால் அரைப் பரீட்சையும் அதே சமயத்தில் வந்து குறுக்கே நிற்கிறது! பரீட்சை முடிந்த மறுநாள் ஒரு காலை நேரம் போதுமே. வட மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவென்றால் தெருக்கூத்து உண்டு. கூத்து வாத்தியாரைப் பகலில் பள்ளிக்கு அழைத்து, கிரீடம் கட்டுவதையும் அரிதாரம் பூசுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம். இரவு அவரே துரியோதனனாக வரும்போது அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஊரில் வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையில் பெயர் எழுதி வைப்பவர்கள் உண்டு. அந்த தர்மம் வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு வகுப்புக்கு பஸ் வாடகை கொடுங்கள். பெயர் எழுத இடம் இருக்காது, பலன் இருக்கும். வில்லியம் டான்ஸ் எத்தனையோ மேடைகளில் வாசித்தவர். அவர் வாசித்ததை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு கடைப் பையனுக்கு நான்கு டிக்கெட் கொடுத்ததற்காகத்தான் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயரைச் சொல்கிறோம்.